இரத்த அழுத்தமும் மூலிகை மருந்தும்

அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இருக்கன்குடிக்கு ஆடி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமையன்று இலட்சக்கணக்கான மக்கள் வந்து சேர்கின்றனர். நோய் தீர வேண்டி வருவோர் அவர்களுள் பலர். நம் பங்குக் குடும்பங்களும் நோயுற்ற நாளில் தேவமாதாவின் திருத்தலங்களை நாடிச் செல்கின்றன. உடல் நலிந்த மனிதனுக்கு நம்பிக்கை பெருந்துணை. ஆனால் அதே நம்பிக்கையை யாரோ கட்டிக் கொடுத்த மருந்துப் பொட்டலத்தின் மீதும் வைத்துவிடுகிறோமே, அதைப் பற்றியே இங்கு எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

நம் இல்லத்துப் பெரியவர் ஒருவர் பல்லாண்டுகள் தீப்பெட்டித் தொழிலில் உழைத்தவர். இரத்த அழுத்தத்திற்கென மருத்துவர் கொடுத்த மாத்திரைகளை, உடலில் தொல்லை ஏதும் தெரியவில்லை என்று நிறுத்திவிட்டார். இங்கிலீஷ் மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும், மூலிகை ஒரு கெடுதியும் செய்யாது என்று பிறர் சொல்லக் கேட்டு, பெயர் எழுதாத சூரணமொன்றை ஈராண்டு உட்கொண்டார். கால் வீங்கி, உணவு வெறுத்து மருத்துவமனைக்குச் சென்றபோது இரு சிறுநீரகங்களும் சுருங்கியிருந்தன. இன்று வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொண்டு வாழ்கிறார். நிறுத்திய மாத்திரையால் வந்த கேடா, அருந்திய சூரணத்தால் வந்த கேடா என்று மருத்துவராலும் பிரித்துச் சொல்ல இயலவில்லை.

இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குச் செல்கிறது. ஒவ்வொன்றிலும் சுமார் 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. அழுத்தம் மிகும்போது அவற்றின் மெல்லிய குழாய்கள் தடித்துத் தழும்பேறுகின்றன. ஆல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் கசிகிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. பெரும்பகுதி அழிந்த பின்னரே உடல் முறையிடுகிறது. அழிந்த வடிகட்டியை மீண்டும் உண்டாக்கும் மருந்து எந்த வைத்தியத்திலும் இல்லை; எஞ்சியவற்றைக் காக்கவே இயலும்.

மூலிகையால் சிறுநீரகம் கெட்டதற்கு உலகறிந்த சான்று பெல்ஜிய நாட்டில் உண்டு. தலைநகர் பிரசெல்சில் 1990-ஆம் ஆண்டு முதல் உடல் மெலிவதற்கெனப் பெண்கள் பலர் சீன மூலிகை கலந்த மருந்தை உட்கொண்டனர். ஸ்டெபானியா வேருக்குப் பதிலாக, சீனப் பெயரில் அதனை ஒத்த அரிஸ்டோலோக்கியா வேர் அதில் கலந்திருந்தது. 1993-இல் மருத்துவர்கள் இதனை வெளியிட்டனர். ஏறத்தாழ நூறு பெண்களின் சிறுநீரகங்கள் பழுதடைந்தன. அவர்களுள் பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் கண்டது. அரிஸ்டோலோக்கிக் அமிலம் கொண்ட மூலிகைகளை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-இல் அறிவித்தது.

அந்தச் செடியினம் நமக்கு அந்நியமன்று. கரிசல் காட்டில் படரும் ஆடுதின்னாப்பாளை அவ்வினத்ததே; அந்த அமிலம் அதிலும் உண்டு. ஆடு ஒதுக்கியதை நம் முன்னோர் கண்டே அதற்கு அப்பெயர் வைத்தனர்.

இதனால் நாட்டு வைத்தியம் முழுவதும் தள்ளத்தக்கது என்று கொள்ளலாகாது. சர்ப்பகந்தி வேர் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதை மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் நோயாளிகளிடம் ஆராய்ந்து 1949-இல் வெளியிட்டார். அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் மருந்து 1952-இல் பிரித்தெடுக்கப்பட்டது. பின்னர் சென்னையின் சிறுநீரக வல்லுநர் டாக்டர் எம். கே. மணி, ‘கிட்னி ஹெல்ப் டிரஸ்ட்’ வாயிலாகச் சென்னையை அடுத்த கிராமங்களில் வீடு வீடாகச் சிறுநீரையும் இரத்த அழுத்தத்தையும் சோதிக்கச் செய்து, ரெசர்பின் முதலிய விலை குறைந்த மருந்துகளால் ஏழை மக்களின் சிறுநீரகங்களைக் காக்கும் பணியை நடத்தினார். மனச்சோர்வு முதலிய பக்கவிளைவுகளாலும் வேறு மருந்துகள் வந்துவிட்டதாலும் ரெசர்பின் இன்று அரிதாகவே தரப்படுகிறது. எனினும் வேரில் இருப்பது இன்னது, அளவு இவ்வளவு என்று சோதித்தறிந்த பின்னரே அது மருந்தாயிற்று என்பதை நாம் மறத்தலாகாது.

ஆகவே பங்குக் குடும்பத்தார் சிலவற்றைக் கடைப்பிடித்தல் நலம். நாற்பது வயதைக் கடந்தோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். அது 140/90-க்கு மேல் நீடிக்குமாயின் சிறுநீரில் ஆல்புமினையும் இரத்தத்தில் கிரியாட்டினினையும் சோதிக்க வேண்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளம், நம் சாத்தூர்க் காராச்சேவு ஆகியவற்றைக் குறைத்தால் உப்பும் குறையும். உடல்வலிக்கெனத் தாமே வாங்கி விழுங்கும் மாத்திரைகளும் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். சிறுநீரகம் பழுதுற்றோருக்கு இளநீர்கூடப் பொட்டாசிய மிகுதியால் தீங்காகலாம். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அழுத்த மாத்திரைகள் வீட்டிற்கே இலவசமாக வருகின்றன. சித்த மருத்துவம் நாடுவோர் தகுதி பெற்ற மருத்துவரிடமே செல்லட்டும். இரு மருத்துவரிடமும் உட்கொள்ளும் மருந்தையெல்லாம் ஒளியாமல் சொல்லட்டும்.

மருத்துவரை மதிக்கவும், பூமியினின்று ஆண்டவர் தரும் மருந்துகளைப் புறக்கணியாதிருக்கவும் சீராக் ஆகமத்தின் 38-ஆம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கிறது. செபிக்கவும் மருத்துவரை நாடவும் ஒருசேர அது பணிக்கிறது. வரும் ஞாயிறு திருப்பலி முடிந்து இல்லம் திரும்பியதும், நம் வீட்டு முதியோரிடம் மாத்திரையை ஒழுங்காக உட்கொள்கிறார்களா என்று அன்போடு கேட்போமாக.