ஒரு அடைமொழி

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைச் சொன்னாலும் ருசியாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றும். பத்திரிகைக்கு அது நல்லது. டாக்டரின் அறைக்கு ஆகாது. நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

என் சித்தி மகன் பழைய வால்வு ரேடியோக்களைப் பழுது பார்ப்பவன். ஒரு சமயம் பத்து நாட்கள் போல அவன் சரியாகப் படுக்கவே இல்லை. விடிய விடிய ஒரு ரேடியோவைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பேச்செடுத்தால் வால்வைப் பற்றித்தான் பேச்சு. தெருவில் லாரி ஹாரன் அடித்தால் துள்ளி எழுந்தான். மனநல டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் விவரம் கேட்டபோது அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதனால் நானே சொன்னேன்: "ராத்திரி பூராவும் உற்சாகமாக வேலை செய்கிறான். தூக்கமே தேவைப்படவில்லை."

பைபோலார் என்று முடிவாயிற்று. டாக்டர் மேல் குற்றமில்லை. மனம் ஒரு காலத்தில் கரை மீறிப் பொங்குவதும் இன்னொரு காலத்தில் அடியோடு சோர்ந்துபோவதும் அந்த நோய். பொங்கும் நாட்களில் தூங்காவிட்டாலும் களைப்புத் தெரியாது, பேச்சு ஓயாது. நான் சொன்ன கதை அதற்கு அச்சாகப் பொருந்தியது.

மூன்றாவது முறை சித்தியும் கூட வந்தாள். அவளுக்குக் கதை சொல்ல வராது. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

"சத்தம்னா காதைப் பொத்திக்கறது மூணு வயசிலேயே உண்டு. மிக்ஸி போட்டா கொல்லைக்கு ஓடிடுவான். யார் முகத்தையும் பார்த்துப் பேசினதில்லே. ரேடியோப் பைத்தியம் எட்டு வயசிலே ஆரம்பிச்சுது. ராத்திரி அலறி எழுந்திருக்கறது மட்டும், போன வருஷம் இவன் போன பஸ் கவிழ்ந்த பிறகுதான்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தூக்கம் தேவைப்படலையா, இல்லே, தூங்கப் பயமா?"

"பயம்" என்றான் அவன், தரையைப் பார்த்தபடியே. "தூங்கினா பஸ் வருது. கையிலே வேலை இருந்தா கண் சொருகாது."

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல் வெளியிட்ட கையேட்டில் ஆட்டிசம், பைபோலார், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் ஆகிய மூன்றும் தனித்தனிப் பெயரோடு இடம்பெற்றன. பெயர்கள்தான் தனித்தனி. தூக்கமின்மை, எரிச்சல், மனிதர்களை விட்டு ஒதுங்குவது ஆகியவை மூன்றுக்கும் பொது. ஓசை கேட்டுத் துடிப்பது ஆட்டிசத்திலும் உண்டு, அதிர்ச்சியிலும் உண்டு. ஓயாத பேச்சு பைபோலாராகவும் இருக்கலாம். பிடித்த விஷயத்தில் ஆட்டிசக்காரர்களுக்கு உள்ள ஈடுபாடாகவும் இருக்கலாம். இவற்றைப் பிரித்துப் பார்க்கப் பெரிதும் உதவுவது காலம். ஆட்டிசம் குழந்தைப் பருவம் முதல் கூடவே இருக்கும் சுபாவம். அதிர்ச்சியின் விளைவுக்கு ஒரு முன்னும் பின்னும் உண்டு. பைபோலார் அலைபோல வந்து போவது. ஒரே ஆளிடம் இரண்டோ மூன்றோ சேர்ந்திருப்பதும் உண்டு என்பதால், ஒன்றைக் கண்டுபிடித்ததோடு தேடலை நிறுத்திவிடவும் கூடாது. "எப்போதிலிருந்து?" என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அதற்குப் பதில் பெரும்பாலும் அம்மாக்களிடம் இருக்கிறது.

டாக்டர் பல வாரம் கவனித்து, பழைய மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார். விபத்தின் பயத்துக்குத் தனியாகச் சிகிச்சை நடந்தது. இப்போது அவன் அநேக இரவுகள் தூங்குகிறான். வால்வைப் பற்றி இன்னும் மணிக்கணக்காகப் பேசுகிறான். அதற்கு வைத்தியம் தேவையில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

"உற்சாகமாக" என்ற அந்தச் சொல் மட்டும் என்னை விடவில்லை. அவன் விழித்திருந்த இரவுகளில் ஒன்றைக்கூட நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. போன வாரம் அவனிடமே இதை ஒப்புக்கொண்டேன்.

ஒரு வால்வை விளக்கொளியில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவன், திரும்பாமலே சொன்னான்: "என்னைக் கேட்டிருக்கலாமே, அண்ணா."