விகுதிக்குள் இருக்கும் ஆள்

எங்கள் சிட்லபாக்கம் குடியிருப்பில் மேல்வீட்டுப் பெண்ணுக்கு ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. ஸ்பானிஷ் தெரிந்தால் வேறு புராஜெக்ட் கிடைக்குமாம். வார இறுதியில் வகுப்புக்குப் போகிறாள். “ஒவ்வொரு வினைக்கும் ஆறு வடிவம் சார். எல்லாத்தையும் ஒப்பிக்கச் சொல்றாங்க” என்று நோட்டை நீட்டினாள்.

‘அப்லார்’ என்றால் பேசுதல். அதன் கீழே ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா, அப்லாமோஸ், அப்லாயிஸ், ஆப்லான் என்று வரிசையாக எழுதியிருந்தாள். நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியன். பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறோம் என்று கரும்பலகையில் எத்தனை வருடம் பிரித்துப் போட்டிருப்பேன்! பகுதி, இடைநிலை, விகுதி. ஸ்பானிஷில் நிகழ்காலத்துக்கென்று ‘கிறு’ போலத் தனி இடைநிலை கிடையாது. கடைசி ‘ஆர்’ஐக் கழற்றிவிட்டு விகுதியை ஒட்டினால் காலமும் ஆளும் சேர்ந்தே வந்துவிடும்.

ஒழுங்கான வினைகள் ஆர், ஏர், ஈர் என மூன்று வகை. சாப்பிடுவதற்கு ‘கொமேர்’: கோமோ, கோமேஸ், கோமே. எழுதுவதற்கு ‘எஸ்கிரிபீர்’: எஸ்கிரீபோ, எஸ்கிரீபேஸ், எஸ்கிரீபே. பின்னிரண்டு வகைகளும் தன்மைப் பன்மையிலும் முன்னிலைப் பன்மையிலும் மட்டுமே பிரிகின்றன: கொமேமோஸ், எஸ்கிரிபீமோஸ், கொமேயிஸ், எஸ்கிரிபீஸ். இந்த முன்னிலைப் பன்மை ஸ்பெயினில்தான் புழக்கம். லத்தீன் அமெரிக்காவில் அந்த இடத்துக்கும் படர்க்கைப் பன்மையே போதும். மெக்சிகோ வாடிக்கையாளரிடம் பேசப்போகிறவளுக்கு ஒரு வடிவம் மிச்சம்.

அவளுடைய வாக்கியங்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ‘யோ’, அதாவது ‘நான்’. ஆங்கிலத்தில் யோசித்து எழுதியதன் விளைவு. “காபி சாப்பிடறேன்னு சொல்றப்போ ‘நான்’ போடுறியா?” என்றேன். சிரித்தாள். அழுத்திச் சொன்னால் ஒழிய ஸ்பானிஷ்காரரும் போடுவதில்லை. மரியாதை ‘நீங்க’ளான ‘உஸ்தேத்’துக்குப் படர்க்கை வினை வருவதும் அவளுக்கு விசித்திரமாக இருந்தது. பெரியவரை எதிரில் வைத்துக்கொண்டே “ஐயா எப்ப வந்தாங்க?” என்று கேட்கிற ஊர்க்காரர்களுக்கு அதில் என்ன விசித்திரம்? போதாததற்கு, பேசுகிறான், பேசுகிறாள், பேசுகிறார், பேசுகிறது என்ற நம் நாலு வேலையையும் ‘ஆப்லா’ ஒன்றே பார்த்துவிடுகிறது.

இந்த ஒப்பீடு எதிர்த்திசையில் ஒருமுறை நடந்திருக்கிறது. இன்றைய ஸ்பெயினைச் சேர்ந்த நவார் பகுதியில் பிறந்த பிரான்சிஸ் சவேரியார், 1545இல் சில மாதங்கள் மயிலாப்பூரில் தங்கியிருந்தார். அவருடைய தமிழ், பிறர் மொழிபெயர்த்துத் தந்த ஜெபங்களை மனப்பாடம் செய்த அளவில் நின்றது. அவருக்குப்பின் முத்துக்குளித்துறையில் உழைத்த போர்ச்சுகீசியர் அன்ரீக்கே அன்ரீக்கஸ் அப்படி விடவில்லை. தமிழைக் கற்று, 1549 வாக்கில் போர்ச்சுகீசிய மொழியில் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். லத்தீன் இலக்கணத்தில் பழகிய கண்ணோடுதான் நம் வினைகளையும் அடுக்கினார். தெரிந்த வாய்பாட்டின் பக்கத்தில் தெரியாததை வைத்துப் படித்தவர், 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகும் வரை போனார். சவேரியார் வழியில்தான் நம் ஸ்பானிஷ் வகுப்புகள் இன்னும் ஒப்பிக்க வைக்கின்றன. நடுவில் ஆங்கிலம் வேறு.

ஆகவே நோட்டிலிருந்த ஆங்கிலப் பத்தியை அடித்துவிட்டுத் தமிழ்ப் பத்தி போடச் சொன்னேன். ‘ஆப்லோ’வுக்கு எதிரே ‘பேசுறேன்’. அது ‘இப்போது பேசிக்கொண்டிருக்கிறேன்’ என்றும் பொருள்படும். ‘நாளைக்குப் பேசுறேன்’ என்பதற்கும் செல்லும், நம்முடையதைப் போலவே. ஒரே இடத்தில்தான் தமிழ் காலை வாரும். ‘தினமும் அம்மாகிட்ட பேசுவேன்’ என்று பழக்கத்தை நாம் எதிர்காலத்தில் சொல்கிறோம். ஸ்பானிஷில் அதுவும் நிகழ்காலம், அதே ‘ஆப்லோ’. அவள் ஒப்பிக்க வேண்டியது ஆறு வடிவத்தை அல்ல, இந்த ஒரு வித்தியாசத்தைத்தான்.