வள்ளுவருக்கு விட்ட இடம்

சென்ட்ரலில் இறங்கி வால்டாக்ஸ் சாலையைப் பிடித்து, யானைகவுனி வழியாகத் தங்கசாலைத் தெருவுக்கு நடந்தே போனேன். ஒன்றரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பாதிக் கடைகள் சாத்தியிருந்தன. திறந்திருந்த ஒரு மிட்டாய்க் கடை வாசலில் ஜிலேபி பொரியும் நெய் வாசனை தெரு முழுக்க நின்றது. இந்தத் தெருவில் ஒரு காலத்தில் நாணயம் அடித்தார்கள். அந்த நாணயச் சாலை மூடி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் பெயர் மட்டும் போகவில்லை. இன்றைக்கு நாட்டில் நாணயம் அடிப்பது மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா என்று நான்கே ஊர்களில்.

பக்கத்துச் சந்தில் ஒரு கல்யாண மண்டபம். நாணயக் கண்காட்சி, நுழைவுக்குக் கட்டணம் இல்லை. பந்தி போடும் நீள மேசைகளில் வெள்ளைத் துணி விரித்து, ஐம்பது அறுபது வியாபாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். சோழர் காசும் கிழக்கிந்தியக் கம்பெனிக் காசும் இருந்த மேசைகளில் நல்ல கூட்டம். நான் தேடிப் போனது அவ்வளவு பழசு இல்லை. தமிழ்நாட்டையும் தமிழையும் சொல்லி இந்திய அரசு வெளியிட்ட நினைவு நாணயங்களை ஒன்று விடாமல் சேர்க்க வேண்டும் என்று நாலு வருஷமாக அலைகிறேன். 1995இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காக வந்த திருவள்ளுவர் நாணயங்கள்தான் என் பட்டியலில் முதல் வரி. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்று மூன்று. பிறகு காமராஜர், அண்ணா, சி. சுப்பிரமணியம், தஞ்சைப் பெரிய கோயில், எம்.எஸ். சுப்புலட்சுமி, எம்.ஜி.ஆர்., கலைஞர்.

முதல் மேசையிலேயே ஓர் அட்டை கண்ணில் பட்டது. 'தமிழ்நாடு முழு செட்' என்று பளபளவென்று அச்சடித்து, ஒன்பது குழிகளில் ஒன்பது நாணயம். விலை 1,800 ரூபாய். "இதுக்கு மேல ஒண்ணும் கெடையாது சார், இதோட முடிஞ்சுது" என்றார் கடைக்காரர். எண்ணிப் பார்த்தேன். வள்ளுவரில் இரண்டு ரூபாயும் ஐந்து ரூபாயும் இருந்தன, ஒரு ரூபாய் இல்லை. அந்தக் குழியில் 2015இல் வந்த ராதாகிருஷ்ணன் பத்து ரூபாய் உட்கார்ந்திருந்தது. அவர் திருத்தணிப் பக்கம் பிறந்தவர்தான், சேர்த்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் வள்ளுவரை எடுத்துவிட்டு அவரை வைப்பது முழு செட் ஆகாது. அதைச் சொன்னதும், "ஒரு ரூபா வள்ளுவர் கெடைக்கிறதில்ல சார்" என்று அவரே ஒப்புக்கொண்டார்.

அடுத்த வரிசையில் பெரிய பெட்டிகள். எம்.எஸ். அம்மாவின் பத்து ரூபாயும் நூறு ரூபாயும், எம்.ஜி.ஆரின் நூறு ரூபாயும் மடிக்கும் உறையில், கண்ணாடி மாதிரி மின்னும் ப்ரூஃபாக இருந்தன. இவையெல்லாம் கடையில் சில்லறையாகக் கைக்கு வராதவை. நாணயச் சாலை அறிவிப்பு கொடுக்கும்போது பணம் கட்டிப் பதிவு செய்து வாங்க வேண்டும். தவறவிட்டவர்கள் இப்படி மேசை மேசையாக வர வேண்டும். பெரிய கோயிலின் ஆயிரம் ஆண்டு நிறைவுக்கு 2010இல் வந்த ஆயிரம் ரூபாய் நாணயத்தை ஒருவர் என் உள்ளங்கையில் வைத்தார். முப்பத்தைந்து கிராம், எண்பது சதவீதம் வெள்ளி. கனம் கையில் நன்றாகவே தெரிந்தது. விலை கேட்டேன், என் ஒரு மாத வாடகைக்குப் பக்கத்தில் சொன்னார். திருப்பிக் கொடுத்துவிட்டேன். பணம் சேர்ந்தால் ஒருநாள் வாங்கிவிடலாம். இப்படிப் பணத்தால் வாங்கக் கூடியவை எனக்குப் பெரிய கவலை இல்லை.

கவலையெல்லாம் நம் கையில் புழங்கிப் போனவற்றைப் பற்றித்தான். வள்ளுவர் ஐந்து ரூபாயைப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்திருப்போம், உண்டியலில் போட்டிருப்போம், யாரும் எடுத்து வைக்கவில்லை. அந்தக் காலத்து ஐந்து ரூபாய் வெண்செம்பு, ஒன்பது கிராம் கனம். அதை உருக்கிச் சவர பிளேடு செய்ய எல்லை தாண்டிக் கடத்தியதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்ததுண்டு. மிச்சமிருப்பதும் தேய்ந்து கிடக்கிறது.

கடைசி வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கடை போட்டிருந்தார். அலங்காரம் எதுவும் இல்லை. நாலு எவர்சில்வர் தட்டுகளில் குவியல் குவியலாகக் காசு. "எது எடுத்தாலும் நாப்பது ரூபா, பொறுக்கிக்குங்க தம்பி" என்றார். எதிரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

இங்கேதான் செட் சேர்ப்பவனின் உண்மையான வேலை. ஒரே நாணயத்தை ஒன்றுக்கு மேற்பட்ட சாலைகளில் அடித்திருப்பார்கள். எந்தச் சாலை என்பதற்கு ஆண்டு எண்ணுக்குக் கீழே ஒரு சின்ன அடையாளம். வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. கேட்க எளிதாக இருக்கும். கையில் பத்து மடங்கு லென்ஸைப் பிடித்துக்கொண்டு பார்த்தால்தான் சிக்கல் தெரியும். நட்சத்திரத்தின் ஐந்து முனையும் தேய்ந்தால் புள்ளி. வைரத்தின் நாலு மூலையும் மழுங்கினால் அதுவும் புள்ளி. புள்ளியே தேய்ந்துவிட்டால் கொல்கத்தா.

பெரியவர் தனியாக ஒரு சின்ன உறையில் வைத்திருந்த வள்ளுவர் இரண்டு ரூபாயை நீட்டினார். உறையின்மேல் பேனாவால் 'கல்கத்தா, மார்க் இல்லை, 250' என்று எழுதியிருந்தது. பதினொரு பக்கமும் கூராக இருந்தன. பார்த்தவுடன் எடுத்துக்கொள்ளத் தோன்றியது. வெளிச்சத்துக்குச் சாய்த்து, ஆண்டு எண்ணுக்குக் கீழே லென்ஸை வைத்தேன். ஒரே திசையில் தலைமுடி போல நுண்ணிய கோடுகள். பாத்திரம் தேய்க்கும் பொடி போட்டு யாரோ தேய்த்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் சாய்த்ததும், வழவழப்பான அந்த இடத்தில் மேடு போல ஒரு தடம் லேசாக எழும்பியது. கோணத்தை மாற்றினால் மறைந்தது, மறுபடி சாய்த்தால் வந்தது. அங்கே ஏதோ அடையாளம் இருந்திருக்கிறது. வைரமா, புள்ளியா என்று சொல்ல முடியவில்லை. மார்க் இல்லாத காசு அது இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

"ஐயா, நீங்களே பாருங்க" என்று லென்ஸைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "எனக்குக் குடுத்தவன் கல்கத்தான்னுதான் சொன்னான்" என்றார் மெதுவாக. பிறகு பேனாவை எடுத்து உறையில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, நாணயத்தை நாற்பது ரூபாய்த் தட்டில் போட்டார். அந்தக் கை தயங்கவே இல்லை. அதற்குப் பிறகு அவர் சொன்ன விலை எதையும் நான் பேரம் பேசவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் பொறுக்கினேன். விரல் நுனியெல்லாம் கருத்து, உலோக வாடை ஏறிவிட்டது. அண்ணா ஐந்து ரூபாய் மட்டும் ஏழெட்டு வந்தது. 2009இல் நூற்றாண்டுக்கு வந்த மஞ்சள் நிற நாணயம் அது. முகத்துக்குக் கீழே அவருடைய தமிழ்க் கையெழுத்து இருக்கும். ஏழெட்டில் ஒன்றில்தான் அந்தக் கையெழுத்தின் சுழிகள் மழுங்காமல் இருந்தன. அதை எடுத்துக்கொண்டேன். சி. சுப்பிரமணியம் ஒன்று, பெரிய கோயில் ஐந்து ரூபாய் ஒன்று. விமானத்தின் அடுக்குகளை எண்ண முடிகிற அளவுக்குத் தெளிவு.

பக்கத்தில் எட்டாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி தன் பாட்டியோடு வந்து உட்கார்ந்தாள். பத்து ரூபாய் நாணயங்களைக் கொட்டி, ஆண்டு வாரியாகப் பிரித்தாள். "கடைக்காரங்க பத்து ரூபா காயினை வாங்க மாட்டேங்கிறாங்க, இவ மட்டும் ஓடி ஓடி வாங்குறா" என்றார் பாட்டி. ரிசர்வ் வங்கி எத்தனை முறை செல்லும் என்று சொல்லியும், நம் ஊர்க் கடைகள் பலவற்றில் அதை இன்னும் தள்ளுகிறார்கள். தள்ளத் தள்ள நல்ல காசு கைமாறாமல் டப்பாவிலேயே முடங்குகிறது. இருபது வருஷம் கழித்து இவளைப் போன்றவர்கள்தான் அதைத் தேடி அலையப் போகிறார்கள். என் லென்ஸைக் கொடுத்தேன். முதல் காசிலேயே வைரத்தைக் கண்டுபிடித்துப் பாட்டியின் தோளைத் தட்டினாள்.

ஒரு ரூபாய் வள்ளுவர் நாலு தட்டிலும் சேர்த்து இரண்டே இரண்டு அகப்பட்டது. துருப்பிடிக்காத எஃகு, இருபத்தைந்து மில்லிமீட்டர். ஒன்றில் தாடியும் முகமும் ஒன்றாகி வெறும் மேடாக இருந்தது. இன்னொன்றின் விளிம்பில் ஆணி அடித்த மாதிரி ஒரு பள்ளம், சங்கிலியில் கோக்க ஓட்டை போடப் பார்த்திருப்பார்கள் போல. ஆண்டு எண்ணுக்குக் கீழே நட்சத்திரம் மட்டும் தெளிவாக இருந்தது. பள்ளம் விழுந்ததையே எடுத்துக்கொண்டேன், அடையாளம் உறுதியாகத் தெரிகிறதே என்று.

நாலு நாணயம், 160 ரூபாய். பெரியவர் பழைய நோட்டு ஒன்றை எடுத்து என் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதிக்கொண்டார். "வள்ளுவர் ஒரு ரூபா, தேயாதது, புள்ளி ஒண்ணு, வைரம் ஒண்ணு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். அந்தப் பக்கத்தில் எனக்கு மேலே இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். அதில் மூன்று பேர் கேட்டிருந்ததும் வள்ளுவர்தான்.

எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து, "கங்கைகொண்ட சோழபுரத்துல போன ஜூலையில ராஜேந்திர சோழனுக்கு ஒண்ணு விட்டாங்களே, அதையும் சேத்துக்கவா தம்பி?" என்றார்.

சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.