தெரியாமல் செய்த வினை

தாமஸ் மிட்ஜ்லியை வில்லனாக்கி எழுதப்படும் கட்டுரைகள் எனக்கு அலுப்பூட்டுகின்றன. பெட்ரோலில் ஈயத்தைக் கலந்தவரும் அவர்தான். அதன் நஞ்சு தன் உடம்பிலேயே ஏறியதை அறிந்தும் அதை விற்றவர். அந்த வழக்கில் அவருக்காக வாதாட நான் வரவில்லை. குளிர்பதன வாயுவின் கதை வேறு.

1920களில் அமெரிக்க வீடுகளின் குளிர்சாதனப் பெட்டிகளுக்குள் அம்மோனியாவும் கந்தக டை ஆக்சைடும் மெதில் குளோரைடும் ஓடின. குழாய் கசிந்து உறக்கத்திலேயே இறந்தவர்கள் உண்டு. 1928இல் மிட்ஜ்லியின் குழு குளோரோஃபுளோரோகார்பனைக் கண்டடைந்தது. அது தீப்பற்றாது, நஞ்சில்லை, எதனோடும் எளிதில் வினைபுரியாது. 1930இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் கூட்டத்தில் மிட்ஜ்லி அவ்வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, எரியும் மெழுகுவர்த்தியின்மேல் ஊதிக் காட்டினார். சுடர் அணைந்தது, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தச் சாந்த குணமே பிறகு கேடாயிற்று. மழையில் கரையாமல், கீழ்க்காற்றில் சிதையாமல், ஆண்டுக்கணக்கில் அலைந்து அது மேலடுக்குக்கு ஏறுகிறது. அங்கே புறஊதாக் கதிர் அதை உடைக்க, குளோரின் அணு விடுபடுகிறது. ஓசோனிடமிருந்து ஓர் ஆக்சிஜன் அணுவைப் பறித்து, அதை இன்னோர் ஆக்சிஜன் அணுவிடம் கொடுத்துவிட்டு, அது மீண்டும் தனியாகி அடுத்த ஓசோனைத் தேடுகிறது. ஒரே குளோரின் அணு இப்படி ஏறத்தாழ ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கக்கூடும். தான் அழியாமல் பிறவற்றை மாற்றுவதற்கு அறிவியல் தமிழ் வைத்திருக்கும் பெயர் வினையூக்கி. நல்ல சொல். வேதிவினையும் ஊழ்வினையும் நம் மொழியில் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன.

சிலப்பதிகார வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி, "தெரியாமல் செய்ததும் வினையில் சேருமா, ஐயா?" என்று கேட்டாள். பாண்டியனுக்கு விசாரிக்க வழி இருந்தது, அவன் விசாரிக்கவில்லை என்றேன். மிட்ஜ்லிக்கு அந்த வழியே இல்லை. காற்றில் இவ்வாயுவின் நுண்ணிய அளவைக் காட்டிய கருவியை ஜேம்ஸ் லவ்லாக் உருவாக்கியது 1957இல். மிட்ஜ்லி 1944இலேயே இறந்துவிட்டார்.

1974க்குப் பின் வந்தவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவ்வாண்டு மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் ஓசோனுக்கு நேரவிருப்பதைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். உற்பத்தியாளர்கள் அதை வெறும் ஊகம் என்றார்கள். பாண்டியன் மாணிக்கப் பரல் தெறித்ததைக் கண்ட கணமே உயிர்விட்டான். இவர்கள் இன்னும் ஒரு பரல் கேட்டார்கள். அதுவும் தெறித்தது. 1985இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜோ ஃபார்மனும் உடனிருந்த இருவரும், அண்டார்க்டிகாவின் ஹாலி பே நிலையத்துக்கு மேலே ஒவ்வொரு வசந்தத்திலும் ஓசோன் பெருமளவு குறைந்துவருவதை அறிவித்தார்கள். 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. 1995இல் மொலினா, ரோலண்ட், பால் க்ருட்சன் மூவருக்கும் நோபல் பரிசு.

அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் 1980ஆம் ஆண்டின் நிலைக்குத் திரும்ப ஏறக்குறைய 2066 ஆகும் என்று ஐ.நா. ஆதரவில் 2023இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. மிட்ஜ்லி அன்று ஊதிய வாயுவின் ஆயுள் சுமார் நூறாண்டு. அதில் ஒரு பங்கு இன்னும் மேலே இருக்கிறது.