தர்மபுரி டூ தர்மதலா

எல்.டி.சி. என்பது அரசாங்கம் நமக்குக் கொடுக்கும் வரம். அதை எங்கே போய்ச் செலவழிப்பது என்பது வீட்டில் நடக்கும் யுத்தம். மனைவி சிம்லா என்றாள். பையன் கோவா என்றான். அப்பா மட்டும் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "கல்கத்தா போலாம்டா. டிராம் பாக்கணும்" என்றார்.

சபையில் ஒரு நிமிஷம் மௌனம். அவருக்கு 87 வயது. அந்த வயதுக்காரர்கள் காசி என்பார்கள், ராமேஸ்வரம் என்பார்கள். டிராம் என்று கேட்ட முதல் ஆள் இவராகத்தான் இருப்பார். ஆபீஸில் மேனேஜரிடம் லீவு லெட்டரை நீட்டினால், "டிராமுக்கா? ஊர்ல பஸ் கிடையாதா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். கையெழுத்தைப் போட்டுவிட்டார், பாவம், நல்ல மனுஷன்.

கடைசியில் சிம்லா கோஷ்டி மாமியார் வீட்டுக்குப் போனது. நானும் அப்பாவும் 2023 ஜனவரியில் கிளம்பினோம்.

தர்மபுரியிலிருந்து பஸ்ஸில் மொரப்பூர், அங்கே ரயிலேறி சென்னை, சென்னையில் ஹௌரா மெயில். பெங்களூர் வழியாகவும் போகலாம்தான். அப்பா மொரப்பூர் வழியாகத்தான் போக வேண்டும் என்று அடம்பிடித்தார். பஸ் ஜன்னலில் அவர் அவ்வப்போது கையை நீட்டி, "அதோ, அந்த மேடு... லைன் அப்படித்தான் போச்சு" என்று காட்டினார். நான் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது ஒரு புளியமரமும் இரண்டு ஆடுகளும்.

லைன் என்றால் என்ன லைன் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன சரித்திரம். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-ல் ஒரு குட்டி ரயில் விட்டார்கள். தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி இரண்டரை அடிதான். 1913-ல் அதை ஓசூர் வரை நீட்டினார்கள். அப்புறம் இரண்டாம் உலக யுத்தம் வந்தது. யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமே! 1941-ல் ரயிலை நிறுத்தி, தண்டவாளங்களையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கேயோ ஹிட்லர் சண்டை போட, தர்மபுரிக்காரன் பஸ்ஸுக்குக் காத்திருந்தான்.

என் தாத்தா அந்த லைனில் கேங்மேன். அப்பாவுக்கு அப்போது ஆறு வயது.

ஹௌராவில் இறங்கியதும் முதல் ஏமாற்றம். ஹௌரா பாலத்தில் டிராம் இல்லை. 1943-ல் அந்தப் பாலத்தைத் திறந்தபோது முதலில் அதைக் கடந்ததே ஒரு டிராம்தான். பாலம் தாங்காது என்று 1993-ல் நிறுத்திவிட்டார்கள். அப்பா பாலத்தை அண்ணாந்து பார்த்தார். "நம்மள மாதிரியே இதுக்கும் வயசாயிடுச்சு" என்றார். மறுநாள் காலை டாக்சி பிடித்து ஷியாம்பஜார் போய்ச் சேர்ந்தோம். ஐந்து சாலைகள் கூடும் இடம். நடுவில் நேதாஜி குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார். டிராஃபிக்கைப் பார்த்தால் குதிரைதான் சரி என்று தோன்றும்.

அப்பா நேதாஜியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். ரோட்டில் பதிந்திருந்த தண்டவாளம். நான் பிடிப்பதற்குள் சரசரவென்று இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு தண்டவாளத்திலிருந்து மறு தண்டவாளத்துக்குப் பாதத்தை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து அளக்க ஆரம்பித்துவிட்டார்! அப்பா ரிடையர்டு சர்வேயர். பழக்கம் போகாது. பின்னால் ஆட்டோ ஹாரன், பஸ் ஹாரன், போலீஸ்காரர் விசில். வங்காளத்தில் நான் வாங்கிய முதல் திட்டு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது.

"அஞ்சு பாதம், மேல ஆறரை அங்குலம். நாலடி எட்டரைடா. நம்மளது ரெண்டரை" என்று சந்தோஷமாக ரிப்போர்ட் கொடுத்தபடி ஏறி வந்தார்.

டிராம் வந்தது. வந்தது என்று சொல்வதைவிட, வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே வந்தது என்று சொல்லலாம். ஐந்தாம் நம்பர், ஷியாம்பஜார் - எஸ்பிளனேட். உள்ளே மர பெஞ்சு, கம்பி போட்ட ஜன்னல். டிக்கெட் விலை எங்கள் ஊர் டீயை விடக் குறைவு. கண்டக்டர் கிழித்துக் கொடுத்த சீட்டு பட்டாசுத் திரி மாதிரி மெல்லிசு. டிரைவர் ரூமில் ஸ்டீயரிங் இல்லை! ஒரு கையில் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் பித்தளைக் கைப்பிடி, இன்னொரு கையில் பிரேக், காலடியில் மணி. அந்த மணியை மிதித்தால் 'டிங் டிங்' என்கிறது. அதைக் கேட்டு யாரும் விலகவில்லை. தண்டவாளத்தின் மேல் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மீன் வாங்கிக்கொண்டிருந்தார். டிரைவர் மிதித்தார். அவர் பேரம் பேசினார். டிரைவர் மறுபடி மிதித்தார். அவர் மீனைத் திருப்பிப் பார்த்தார். மொத்த டிராமும் பொறுமையாக அந்த மீனைப் பார்த்தது. நம்ம ஊராக இருந்தால் அதற்குள் இரண்டு பேருக்குச் சட்டை கிழிந்திருக்கும்.

கண்டக்டர் படியில் நின்றுகொண்டு குரல் கொடுத்தார்: "தர்மதலா! தர்மதலா! தர்மதலா!"

அப்பா திடுக்கிட்டு என் கையைப் பிடித்தார். "தர்மபுரிங்கிறான்டா!"

எஸ்பிளனேடுக்கு இங்கே புழக்கத்தில் உள்ள பெயர் தர்மதலா. விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆனாலும் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கண்டக்டர் கத்தும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது.

ஹாத்திபாகான் கடைவீதி, பிதான் சரணி என்று ஊர்ந்தது. வழியில் ஒரு இடத்தில் ஆள் ஒருவர் இரும்புக் கம்பியோடு இறங்கி, தண்டவாளம் பிரியும் இடத்தில் விட்டு நெம்பினார். பாதை மாறியது. அவ்வளவுதான் சிக்னல் சிஸ்டம்! அப்பா எழுந்து நின்றே விட்டார். "எங்கப்பா கையிலயும் இப்படி ஒரு கம்பி இருக்கும்" என்றார்.

காலேஜ் ஸ்ட்ரீட்டில் இரண்டு பக்கமும் புத்தகக் கடைகள். டிராமிலிருந்து கையை நீட்டினால் ஒரு அகராதியை எடுத்துவிடலாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வங்காளிப் பெரியவர் ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தார். மதராஸ் என்றதும், "உங்கள் ஊரில் எங்களுக்கு முன்பே மின்சார டிராம் ஓடியதே!" என்றார். வாஸ்தவம். இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895-ல் மதராஸில்தான் ஓடியது. கல்கத்தாவில் 1873-ல் குதிரை இழுத்த டிராம் வந்தாலும், மின்சாரம் வந்தது 1902-ல்.

அந்த 1953-ம் வருஷத்தை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அந்த ஏப்ரலில் மதராஸில் கம்பெனி நொடித்துப்போய் டிராம் நின்றது. ஜனங்கள் இரண்டு நாள் பேசிவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். அதே வருஷம் ஜூலையில் கல்கத்தாவில் இரண்டாம் வகுப்பு டிராம் கட்டணத்தை ஒரே ஒரு பைசா ஏற்றினார்கள். ஊரே கொதித்து எழுந்தது. ஊர்வலம், ஹர்த்தால், துப்பாக்கிச் சூடு. டிராம்கள் எரிந்தன. உயர்வைக் கைவிட வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தார்கள். ஒரு பைசா சார்! நமக்கு பஸ் டிக்கெட் ஏறினால் கண்டக்டரைத் திட்டுவதோடு புரட்சி முடிந்துவிடும்.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். ஜீவனானந்த தாஸ் என்ற பெரிய வங்கக் கவி 1954-ல் டிராமில் அடிபட்டு இறந்தாராம். அப்பாவிடம் மொழிபெயர்த்தேன். "இந்த வேகத்துலயா?" என்றார் அப்பா. நல்லவேளை, தமிழில் கேட்டார்.

அதற்குப் பிறகுதான் அவர் அந்த விஷயத்தைச் சொன்னார். இத்தனை வருஷத்தில் என்னிடம் சொன்னதே இல்லை. லைனைப் பெயர்க்க வெளியூரிலிருந்து ஆள் வரவில்லையாம். பார்த்துப் பார்த்து நட்டு போல்ட்டு முடுக்கிய கேங்மேன்களையே கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். தாத்தாவும் போனார். கூலி உண்டே, வீட்டில் அஞ்சு பிள்ளைகள்.

"தெனம் சாயந்தரம் சோறு கொண்டுபோவேன். ஒவ்வொரு நாளும் லைன் கொஞ்சம் குட்டையா இருக்கும்டா. கடைசி நாள் ஒரு ஆணியை எடுத்து எங்கையில குடுத்தாரு. ஒண்ணும் பேசல. அந்த ஆணி ரொம்ப நாள் கதவுக்கு முட்டுக் குடுத்துக் கெடந்துது. அப்புறம் எங்க போச்சோ."

'டிங் டிங்.' டிராம் வளைந்து திரும்பியது. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். அப்பா வேஷ்டி நுனியால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். வண்டியில் தூசி அதிகம்.

தர்மதலாவில் எல்லோரும் இறங்கினார்கள். அப்பா இறங்கவில்லை. கண்டக்டர் வந்து கையை ஆட்டினார். "மறுபடி ஷியாம்பஜார் போகுமில்ல? டிக்கெட் எடு" என்றார் அப்பா. அன்று நாங்கள் அந்த வழியில் நான்கு தடவை போய் வந்தோம். விக்டோரியா மெமோரியல் பார்க்கவில்லை, காளிகட் பார்க்கவில்லை. ஊருக்கு வந்ததும் மனைவி, "என்னதான் பாத்தீங்க?" என்று கேட்டபோது நான் சொன்ன பதிலை அவள் இன்றுவரை சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

எட்டு டிக்கெட்டுகளையும் அப்பா வீட்டு வரி ரசீது ஃபைலில் வைத்திருக்கிறார்.

2024 செப்டம்பரில் பேப்பரில் ஒரு செய்தி. மைதானம் - எஸ்பிளனேட் பாதையை மட்டும் பாரம்பரியச் சின்னமாக வைத்துக்கொண்டு மற்ற டிராம்களை நிறுத்திவிடுவதாக மேற்கு வங்க அரசு அறிவித்திருந்தது. ஏற்கெனவே ஹைகோர்ட்டில் வழக்கு வேறு. மறைக்கலாமா என்று யோசித்தேன். பேப்பரை மறைத்தாலும் டீக்கடையில் படித்துவிடுவார். சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்:

"தண்டவாளத்தைக் கழட்டிட்டாங்களா?"

"இல்லப்பா. சில எடத்துல மேல தார் ஊத்தி மூடிட்டாங்களாம்."

"அடியிலதான இருக்கு? அப்ப பரவால்ல" என்று சொல்லிவிட்டு, பேப்பரைப் பிரித்து உள்ளூர்ச் செய்தியைப் படிக்க ஆரம்பித்தார்.