தந்தையின் தொழில்

2025-இல் பிளஸ் டூ முடிவு மே 9 என்று அறிவித்துவிட்டு, ஒரு நாள் முன்னதாக 8-ஆம் தேதியே வெளியிட்டுவிட்டார்கள். நானும் அன்றைக்கே திண்ணையைப் பெருக்கி, மேஜையை இழுத்துப் போட்டு, நாலு பென்சில் சீவி வைத்துக்கொண்டேன்.

ஓய்வு பெற்ற நாளிலிருந்து மே, ஜூன் இரண்டு மாதமும் எனக்கு இதுதான் உத்தியோகம். தெருவில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் கல்லூரி விண்ணப்பத்தோடு வருவார்கள். இப்போது எல்லாமே ஆன்லைன்தான். ஆனால் பிரவுசிங் சென்டரில் பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது அவசரமாகத் தட்டினால் தப்பு வரும். முதலில் தாளில் பென்சிலால் எழுதிப் பார், பிறகு போய்த் தட்டு என்பது என் கட்சி. ஆதாரில் ஒரு இனிஷியல், மதிப்பெண் பட்டியலில் இன்னொரு இனிஷியல் என்று இருக்கும். வருமானச் சான்றிதழ் காலாவதியாகியிருக்கும். முதல் பட்டதாரி சான்றிதழ் என்று ஒன்று உண்டு என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. முப்பத்தாறு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் கண்ணில் இதெல்லாம் தானாகப் படும்.

எல்லா விண்ணப்பத்திலும் ஒரு கட்டம் உண்டு. 'தந்தை / பாதுகாவலரின் தொழில்.' அந்த இடம் வந்ததும் நான் பென்சிலை வைத்துவிட்டுப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பேன். அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

முதலில் வந்தது உப்பளத்தில் வேலை செய்யும் அம்மாவின் மகள். அப்பா இல்லை. அம்மாவும் கூட வந்திருந்தார், எவ்வளவு சொல்லியும் நாற்காலியில் உட்காரவில்லை. 2023 டிசம்பர் 17, 18 மழையை நம் ஊரில் யார் மறப்பார்கள்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழைதான். அதில் இவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து இந்தப் பெண்ணின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் போய்விட்டது. நகல் வாங்கி, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, அந்த உறையை இன்னொரு உறைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

கட்டம் வந்தது. "கூலின்னு போட்டுக்கிடுங்க ஐயா" என்றார் அம்மா.

"கூலி வேண்டாம் தாத்தா. உப்பளத் தொழிலாளின்னு எழுதுங்க" என்றாள் பெண். "கூலின்னா ஒண்ணும் தெரியாதவங்கன்னு நெனைப்பாங்க. எங்கம்மாவுக்குப் பாத்தி மிதிக்கத் தெரியும், உப்பு வாரத் தெரியும்."

அவள் கேட்டது ஆப்டோமெட்ரி. கண் பரிசோதனைப் படிப்பு. டாக்டர், நர்ஸ் என்று சொல்லும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், இதைக் கேட்டு வந்தவள் இவள்தான் முதல். வெயிலில் பாத்தி முழுக்க வெள்ளையாகக் கண்ணைக் குத்தும் இடத்தில் அம்மா இருபது வருஷமாக நிற்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லையாம். அரசுப் பள்ளிப் பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும் என்று சொன்னேன். அது அவளுக்கு என்னை விட நன்றாகத் தெரிந்திருந்தது.

இரண்டாமவன் தெரேஸ்புரத்துப் பையன். அப்பா சங்கு குளிக்கிறவர். இவன் மீன்வளக் கல்லூரி ஒன்றைத் தவிர வேறு எதற்கும் போட மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றான். நம் ஊரிலேயே 1977 முதல் இருக்கும் கல்லூரி. மீனவர் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடும் உண்டு. ஆனாலும் ஒன்றே ஒன்றை நம்பி உட்காரலாமா? அரை மணி நேரம் வாதாடினேன். அவன் தன் தாத்தா கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

அவன் தாத்தா 1961-இல் முத்துக் குளித்தவர். நம் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த வருஷம் அது. இடுப்பில் கயிறு, காலில் கல், மேலே கயிற்றைப் பிடிக்க மச்சான். தங்கச்சி தாலிக்காகவாவது மச்சான் கயிற்றை விடமாட்டான் என்று பெரியவர் சொல்லிச் சிரிப்பாராம். அடுத்த வருஷம் பாரில் சிப்பி இல்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. அறுபத்து நாலு வருஷம் ஆகிவிட்டது. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இங்கேயே சிப்பியை வளர்த்து, அதற்குள் முத்தும் விளைய வைத்துக் காட்டினார்கள். ஆனால் கடலின் பாரில் தானாக விளைந்த சிப்பி ஏன் திரும்ப வரவில்லை? இவனுக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். "தாத்தா கேட்டுக்கிட்டே செத்துப் போனாரு" என்றான். இரண்டாவது விருப்பம், மூன்றாவது விருப்பம் என்றிருந்த இடங்களை அதன் பிறகு நான் நிரப்பச் சொல்லவில்லை. சரியா தப்பா தெரியாது.

உடன்குடிப் பக்கத்துப் பனையேறி மகள் ஒருத்தி, அத்தை வீட்டில் தங்கிப் படித்தவள். குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28-இல் ராக்கெட் தளத்துக்கு அடிக்கல் நாட்டினார்களே, அன்றைக்கே இயற்பியல் என்று முடிவு செய்துவிட்டாள். "அப்பா ஏறுற உசரத்துக்கு மேல நான் அனுப்புவேன்" என்றாள். லாரி டிரைவர் மகன் பி.காம். எடுத்து ஷிப்பிங் கம்பெனிக்குப் போகிறான். இன்னொருவன் கல்லூரியே வேண்டாம், ஐ.டி.ஐ. போதும் என்றான். சில்லாநத்தத்தில் வியட்நாம்காரர்களின் மின்சாரக் கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்ட் 4-ஆம் தேதி திறந்தது. வீட்டில் கடன் இருக்கிறது, சீக்கிரம் சம்பளம் வேண்டும். அவனுக்கு நான் புத்தி ஒன்றும் சொல்லவில்லை.

இனி மக்ரூன் கடைப் பையன். இவனுக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

முடிவு வந்த அன்று இவன் வரவில்லை. நாலு நாள் கழித்து, விளக்கு வைக்கிற நேரத்தில் கேட்டுக்கு வெளியே நின்றான். கணக்குப் பதிவியலில் போய்விட்டது. துணைத் தேர்வு ஜூன் 25-இல் தொடங்கும் என்றான். "உள்ள வாடா, பற்று வரவுதானே, அதுலயே வாழ்ந்தவன் நான்" என்றேன்.

தினமும் ஏழு மணிக்கு வருவான், கையில் சர்க்கரை வாசனையோடு. புத்தகத்தில் இருந்த கம்பெனிக் கணக்கு ஒன்றும் அவன் தலையில் ஏறவில்லை. அப்பா வேலை பார்க்கும் கடையையே எடுத்துக்கொண்டோம். சர்க்கரை, முந்திரி, விறகு, முட்டை. மக்ரூனுக்கு முட்டையின் வெள்ளைக்கரு மட்டும்தானே? "மஞ்சக்கருவ கேக் போடுறவங்களுக்கு விக்கிறோமே தாத்தா, அத எந்தப் பக்கம் எழுத?" என்று ஒரு நாள் கேட்டான். அன்றைக்கு எனக்குத் தெரிந்துவிட்டது, பையன் தேறிவிடுவான் என்று. ஜூலைக் கடைசியில் முடிவு வந்தது. 41.

மறுநாள் மாலைக் கல்லூரி பி.காம். விண்ணப்பம் எழுத உட்கார்ந்தோம். தந்தையின் தொழில். "மக்ரூன் மாஸ்டர்" என்றான், யோசிக்காமல். பேக்கரித் தொழிலாளி என்று போடலாமா என்றேன். "மாஸ்டர், தாத்தா. ஊரிலேயே அப்பா அடிக்கிற பதம் யாருக்கும் வராது."

நான் பென்சிலை வைத்துவிட்டேன்.

என் பள்ளிப்படிப்பு முழுவதும் புதுச்சேரியில், பிரெஞ்சில். கடைசி வகுப்பை அங்கே 'தெர்மினால்' என்பார்கள். (1975-இல் வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்தேன். பிற்பாடு துறைமுகத்தில் டெர்மினல் டெர்மினல் என்று பேச்சு அடிபட்டபோதெல்லாம் எனக்கு வகுப்பறைதான் ஞாபகம் வரும்.) 1969-இல் பக்கலோரேயா பரீட்சைக்கு விண்ணப்பம் எழுதினேன். அதிலும் இதே கட்டம்.

என் அப்பா சமையல்காரர். பிரெஞ்சுத் துரைமார் வீட்டில் வேலை. 1954-இல் அவர்கள் கப்பல் ஏறியபின், எங்கள் பள்ளியில் கணக்கு நடத்திய வாத்தியார் வீட்டில். 1962-இல், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடு என்றார்கள். கூட்டாளிகள் பலர் வீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அப்பா கொடுக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு உள்ளே கிடந்ததோ என்னவோ, கட்டத்தில் 'சமையல்காரர்' என்று எழுதக் கை வரவில்லை. 'எம்ப்ளுவாயே' என்று எழுதினேன். உத்தியோகஸ்தர்.

அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கு பிரெஞ்சு நன்றாகப் பேச வரும், வாசிக்க வராது. அந்த வார்த்தையில் விரலை வைத்து, "இது என்னப்பா?" என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன். சொல்லுக்கு அர்த்தம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, 1983-இல் அவர் போகும் வரையிலும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தவர் அதே கணக்கு வாத்தியார். அன்று காலையில் அப்பா கையால் சாப்பிட்டுவிட்டு வந்தவர்.

"உங்க அப்பா என்ன தாத்தா வேலை பாத்தாங்க?" என்று பையன் கேட்டான். நான் சும்மா இருந்ததைப் பார்த்துக் கேட்டானோ, பேச்சுவாக்கில் கேட்டானோ.

"சமையல்காரர். மக்ரூன் கூடப் போடுவார். அங்கே பாதாம் போட்டுச் செய்வது. பாதாம் விலை கட்டாமல், வீட்டில் எங்களுக்கு முந்திரியில் செய்து தருவார்."

"முந்திரியா? அப்ப அது நம்ம மக்ரூன்தான்" என்றான். "வெள்ளைக்கருவக் கையாலயா அடிப்பாங்க?"

"கையாலதான்."

"எங்கப்பாவும் மெஷின் வாரதுக்கு முன்னால கையாலதான். தோள்பட்டை ரெண்டும் போச்சு."

என் அப்பாவுக்கும் வலது தோள் தூக்க வராது. சட்டை மாட்டிவிட அம்மா நிற்பார். அது எதனால் என்று எனக்கு எழுபத்து நாலு வயதில் இந்தப் பையன் சொல்லித்தான் தெரிகிறது.

தாளை எடுத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனவன் பத்து நிமிஷத்தில் கோபமாகத் திரும்பி வந்தான். கம்ப்யூட்டரில் தொழில் பட்டியலில் விவசாயம், அரசுப் பணி, தனியார், வியாபாரம், கூலி, கடைசியில் 'இதர' என்றுதான் இருக்கிறதாம். சென்டர்க்காரர் கூலியைத் தட்டப் போனாராம், இவன் விடவில்லை. 'இதர' என்பதைத் தொட்டால் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் திறக்கிறது, அதில் ஆங்கிலத்தில் இருபது எழுத்துக்கு மேல் பிடிக்காது, என்ன செய்ய என்று கேட்டான்.

பென்சிலை எடுத்து, ஆங்கிலத்தில் எழுதி, நடுவில் விடும் இடத்தையும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன். பதினைந்துதான். "அடங்கும்டா, போய்த் தட்டு" என்றேன்.