முக்காலி போட்டு ஏறிய வண்டி

போன நவம்பரில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது தொகையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டார்கள். மகள் கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கிறாள். மகன் இங்கே சலாலாவில் ஒன்பதாம் வகுப்பு. வாடகை, படிப்பு, ஊருக்கு அனுப்புவது என எதிலும் கைவைக்க முடியாது. மிஞ்சியது வாசலில் நின்ற வண்டிதான். ஏழு பேர் உட்காரலாம், நான்கு லிட்டர் வி-6 எஞ்சின், ஒன்பது வயது.

"இதை வித்துட்டு சின்னதா ஒண்ணு எடுத்தா மாசம் நூறு ரியாலாவது நிக்கும்ங்க" என்றாள் மனைவி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்றிரவே ஒரு எக்செல் தாளைத் திறந்தேன்.

நாங்கள் ஆண்டுக்கு ஓட்டுவது சுமார் 18,000 கிலோமீட்டர். அலுவலகம், பள்ளி, கடை எல்லாம் சேர்ந்து பத்தாயிரம். மீதி, வேலைக்காக நான்கு முறை மஸ்கட் போய்வருவது. தும்ரைத், ஹைமா, ஆதம் வழியாக ஒரு பக்கமே ஆயிரம் கிலோமீட்டர். என் வண்டி லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் தரும். ஒன்றரை லிட்டர் எஞ்சின் உள்ள செடான் பதினாறு தரும். பாதிக்குப் பாதி மிச்சம் என்று மனம் துள்ளியது.

ஓமானில் 2016 ஜனவரியில் பெட்ரோல் மானியத்தை எடுத்தார்கள். விலை ஏறியும் இறங்கியும் வந்து, 2021 நவம்பர் முதல் அரசு உச்சவரம்பு வைத்தது. 91 ரகம் லிட்டர் 229 பைசா, நம் ஊர்க் கணக்கில் ஐம்பது ரூபாய் சொச்சம். பெரிய வண்டிக்கு ஆண்டுக்கு 2,250 லிட்டர், 515 ரியால். சின்னதற்கு அதில் சரிபாதி. மிச்சம் 258 ரியால், அதாவது மாதத்துக்கு இருபத்தொன்றரை. நூறு எங்கே, இருபத்தொன்று எங்கே? பெட்ரோல் இதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு விற்கும் ஐரோப்பாவில் இருந்தால் இதே மாற்றம் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கும். நான் இங்கிலாந்தில் முதுகலை படித்தபோது நான்கு பேர் பங்குபோட்டு வாங்கிய பழைய ஃபியஸ்டாவை நினைத்துக்கொண்டேன். அங்கே கற்ற சிக்கனத்தை இங்கே அப்படியே போட்டுப் பார்த்ததுதான் என் பிழை.

இன்னொரு பிழையும் இருந்தது. டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக்கும் ஜாக் சோலும் 2008இல் 'சயின்ஸ்' இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். ஒரு கேலனுக்கு எத்தனை மைல் என்று பார்ப்பது நம் கண்ணைக் கட்டுகிறது, குறிப்பிட்ட தூரத்துக்கு எவ்வளவு எரிபொருள் செலவாகிறது என்று பார்க்கவேண்டும் என்பது அவர்கள் வாதம். என் தாளில் போட்டேன். நூறு கிலோமீட்டருக்கு என் வண்டி குடிப்பது பன்னிரண்டரை லிட்டர். லிட்டருக்குப் பன்னிரண்டு தரும் நடுத்தர வண்டி குடிப்பது எட்டேகால் சொச்சம். பதினாறு தருவது ஆறேகால். எட்டிலிருந்து பன்னிரண்டுக்குப் போனாலே ஆண்டுக்கு 172 ரியால் மிச்சமாகிவிடுகிறது. பன்னிரண்டிலிருந்து பதினாறுக்குப் போனால் மேற்கொண்டு 86தான். ஆகச் சிறிய வண்டியைத் தேடி ஓட வேண்டியதில்லை.

அடுத்த வாரம் சனையாவில் எங்கள் வண்டியைப் பார்க்கும் மலையாளி மெக்கானிக்கிடம் போனேன். அவர் பெட்ரோலைப் பற்றிப் பேசவே இல்லை. "சாரே, புது வண்டி ஷோரூம் விட்டு வெளிய வந்தா விலை இறங்கும். உங்க வண்டி இறங்க வேண்டியதெல்லாம் இறங்கிருச்சு" என்றார். அதையும் போட்டேன். என் வண்டி இனி ஆண்டுக்கு 350 ரியால் மதிப்பிழக்கும். 5,600 ரியாலுக்கு எடுக்கும் புதுச் சின்ன வண்டி முதல் ஆண்டிலேயே 900 இழக்கும். முழுக் காப்பீட்டுக்கு 130 கூடுதல். பெட்ரோலிலும் டயர், சர்வீஸிலும் சேர்த்து மிஞ்சுவது 348. இழப்பு 680. சிக்கனம் பண்ணுகிறேன் என்று முதல் ஆண்டில் முந்நூற்றுச் சொச்சம் ரியாலைத் தொலைத்திருப்பேன்.

மூன்று வருடம் ஓடிய சின்ன வண்டி என்றால் கணக்கு மாறுகிறது. என்னுடையது 4,800க்குப் போகும், அது 3,700க்குக் கிடைக்கும். கையில் 1,100 நிற்கும். மதிப்பிழப்பிலும் காப்பீட்டிலும் நூறு கூடினாலும் ஆண்டுக்கு 248 மிச்சம்.

மனைவியிடம் காட்டினேன். கூடவே கடைசி வரியில் ஒன்றைச் சேர்த்திருந்தேன்: கரீஃப் மாதங்களில் ஊரிலிருந்து ஆட்கள் வந்தால் பத்து நாளைக்குப் பெரிய வண்டி வாடகைக்கு, நாளுக்கு 28 வீதம் 280 ரியால். மிச்சம் பிடித்த 248ஐயும் அந்த வரி விழுங்கிவிட்டது.

அவள் தாளைப் பார்த்துவிட்டு, "யாருங்க வரப்போறாங்க?" என்றாள்.

பதில் சொல்லத் தெரியவில்லை. 2018 மே மாதம் மெகுனு புயல் ரைசூத் பக்கம் கரையேறி சலாலாவை மூழ்கடித்தது. வாதிகளில் வெள்ளம். அந்த வாரம் எங்கள் தாழ்ந்த காரை வெளியே எடுக்க முடியவில்லை. இனி உயரமான வண்டிதான் என்று இரண்டு வருடம் ஓடிய இதை வாங்கினேன். அடுத்த மாதம் அப்பா அம்மா வருகிறார்கள், மூடுபனியில் இத்தீன் மலைக்கும் ஃபஸாயா இறக்கத்துக்கும் கூட்டிப்போக வேண்டும், அவர்களுக்காகத்தான் வாங்கினேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். வாங்கிய அன்று முதல் வேலையாக அதன் முன்னால் நின்று படமெடுத்து உறவினர் வாட்ஸப் குழுவில் போட்டதை மட்டும் சொல்லவில்லை.

2018, 2019 இரண்டு கரீஃபுக்கும் வந்தார்கள். பிறகு கொரோனா. 2022இல் அப்பா போய்விட்டார். மகள் கல்லூரிக்குப் போனாள். ஏழு இருக்கையில் மூன்று பேர் போய்வருகிறோம். 1996இல் பாளையங்கோட்டையில் அப்பா பழைய மாருதி 800 ஒன்று வாங்கினார். அதில் ஏழு பேர் திருச்செந்தூர் போயிருக்கிறோம். அத்தை மடியில் நான், என் மடியில் புளியோதரைத் தூக்கு.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனில் மெல்லச் சொன்னேன். உங்களுக்காக வாங்கிய வண்டி, விற்க மனசில்லை என்று.

"ஏய்யா, எனக்காவன்னு சொல்லாத. மச்சுப்படி ஏறுற மாதிரி முக்காலி போட்டுல்லா அதுல ஏறுனேன். ஒங்கப்பா பின்னால நின்னு தாங்குவாங்க. மொழங்கால் ரெண்டும் ராத்திரி பூரா வலிக்கும். நீ ஆசையா வாங்குனன்னு ஒண்ணுஞ் சொல்லல" என்றாள்.

அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் முக்காலி இன்னும் வண்டியின் பின்பக்கம்தான் கிடந்தது. ஆறு வருடமாக ஒவ்வொரு முறை முல்கியா புதுப்பிக்கும்போதும் வண்டியைச் சுத்தம் செய்திருக்கிறேன். அதை எடுத்துப் போடத் தோன்றியதில்லை.

ஜனவரியில் வண்டி 4,750க்குப் போனது. மூன்று வருடம் ஓடிய செடான் வந்தது. லிட்டருக்குப் பதினைந்துக்குக் கொஞ்சம் மேலே தருகிறது. எழுதிவைக்கிறேன். தும்ரைத் சாலையில் இருட்டிவிட்டால் ஒட்டகத்துக்குப் பயந்து வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன். முன்பு அந்தப் பயம் இருந்ததில்லை, இருந்திருக்க வேண்டும். கையில் நின்ற ஆயிரத்துச் சொச்சம் மகளின் அடுத்த பருவக் கட்டணத்துக்குப் போய்விட்டது. ஒப்பந்தத்தில் குறைந்ததை ஒரு வண்டி ஈடுகட்டாது. அதற்கு வேறு வழி தேடிக்கொண்டிருக்கிறேன்.

தாளின் கடைசி வரியில் இருந்த 280ஐ அழித்துவிட்டு விமான டிக்கெட் என்று எழுதியிருக்கிறேன். ஜூலையில் அம்மா வருகிறாள். ஃபஸாயா இறக்கம் இந்த வண்டிக்கு ஆகாது, முக்ஸைல் கடற்கரையோடு திரும்பிவிடுவோம். "இருக்கை தாழ்வாத்தான இருக்கு?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.